நாற்பத்தெட்டு நாள் வாய்க்கட்டு

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

டாக்டர் பூங்குழலி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் ராக்கம்மாள்.

"கஷாயம், சூரணம், லேகியம்? பக்கத்து வீட்டுல கொடுத்தது? யூடியூப்ல பார்த்தது?"

"கஞ்சியே இறங்க மாட்டேங்குது. கஷாயம் எங்கீங்க இறங்கறது?"

அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த தம்பி சின்னையன், மேலே சுழலும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவனையும் ஒரு பார்வை பார்த்தார். அவன் கண்ணை இறக்கவில்லை.

சேலத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கு ராக்கம்மாள் வந்துபோவது இது ஆறாவது தடவை. வயது நாற்பத்தாறு. கொல்லிமலையில் குண்டூர் நாடு என்ற பகுதியில் இரண்டு ஏக்கர் மரவள்ளியும் கொஞ்சம் மிளகுக் கொடியும் உண்டு. இடது மார்பில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. முதலில் ஆறு முறை கீமோ ஏற்றிக் கட்டியைச் சுருக்குவது, பிறகு ஆபரேஷன் என்பது ஏற்பாடு. இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. மூன்றாவதற்கு வந்த நாளில் ரத்தப் பரிசோதனை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பதினைந்து நாள் கழித்து இன்றைக்கு வந்தால், முன்னைவிட மோசம்.

டாக்டர் கையிலிருந்த தாளை மேசைமேல் திருப்பி வைத்து, ஓர் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார்.

"இது கல்லீரல் கணக்கு. நாற்பதுக்குள்ள இருக்கணும். போன தடவை நூற்றி எண்பது. இன்னிக்கு நானூற்றி பன்னிரண்டு. நாங்க ஏத்தற மருந்தாலயும் இது கூடும். ஆனா மருந்தை நிறுத்தி இத்தனை நாளாச்சு, இந்நேரம் இறங்கியிருக்கணும். ஏறிக்கிட்டே போகுது."

"அப்படின்னா என்னங்க அர்த்தம்?" சின்னையன் இப்போதுதான் வாயைத் திறந்தான்.

"ரெண்டுல ஒண்ணு. ஏதோ ஒரு விஷம் உள்ளே போய்க்கிட்டிருக்கு. இல்லேன்னா நோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கு. ஸ்கேன்ல தெளிவா இல்லை. நீங்க எதுவும் சாப்பிடலைன்னா, ரெண்டாவதாத்தான் நான் நினைக்கணும். வர்ற வியாழக்கிழமை கல்லீரல்ல ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கிறோம். ரத்தம் உறையறதும் குறைஞ்சிருக்கு, அதனால ஊசியும் ஆபத்துதான். பரவியிருந்தா ஆபரேஷன் கிடையாது. கீமோவும் குணமாக்கறதுக்குன்னு இருக்காது, வலி தெரியாம நாளை ஓட்டறதுக்குத்தான்."

ராக்கம்மாள் வட்டம் போட்ட எண்ணையே பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். தம்பி மறுபடியும் மின்விசிறிக்குப் போய்விட்டான்.

"வியாழக்கிழமை வாரேனுங்க" என்று எழுந்தாள்.

காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் நின்றபோது சின்னையன் இறங்கிப்போய் இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு பிளாஸ்டிக் பையும் வாங்கி வந்தான். இனிமேல் மலைப்பாதை, எழுபது வளைவு. பழம் முகர, பை வாந்திக்கு.

"டிரைவர்கிட்ட மெதுவாப் போகச் சொல்லட்டாக்கா?"

"சொன்னா வேகமாப் போவாரு. சும்மா உக்காரு."

பத்தாவது வளைவில் வாந்தி வந்தது. இருபதாவதில் மறுபடி. பின்சீட்டில் இருந்த பெண்கள் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். மலைக்காற்று முகத்தில் பட்டதும் ராக்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"டேய், சொல்லிருக்கலாமோ?"

சின்னையன் சட்டென்று அவள் வாயைப் பொத்தப்போனான். பாதியில் கையை இழுத்துக்கொண்டான்.

"இன்னும் பன்னெண்டு நாளு. முப்பத்தாறு முடிஞ்சுபோச்சு. வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு."

அவர்கள் பங்காளிகளுக்குள் மருந்து எடுக்க ஒரு முறை உண்டு. விடியுமுன் குளித்துவிட்டுப் போய், மரத்தின் அடியில் மஞ்சள் நூல் கட்டி, யாருக்கு நோவு என்று மரத்திடம் மட்டும் சொல்ல வேண்டும். பிறகுதான் பட்டையில் கத்தி படலாம். அந்த நொடியிலிருந்து நாற்பத்தெட்டு நாளுக்கு வாய்க்கட்டு. எடுத்தவனும் சரி, குடிக்கிறவளும் சரி, மரத்தின் பெயரை உச்சரிக்கக் கூடாது. மருந்து குடிக்கிறேன் என்றும் சொல்லக் கூடாது. சொன்னால் மருந்தின் சக்தி மரத்துக்கே திரும்பிவிடும். நோவு மட்டும் ஆளிடம் தங்கும். அதுவும் இரண்டு பங்காகத் தங்கும்.

சின்னையன் இதைக் கேள்வியாக மட்டும் அறிந்தவன் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் அவன் மனைவி அத்தாயிக்கு மஞ்சள்காமாலை. அதற்கு வேறொரு இலை. முப்பதாம் நாள் ஒரு கல்யாண வீட்டில், குடித்த வாயோடு, என்ன இலை என்று நாலு பேர் நடுவில் உளறிவிட்டான். நாலாம் நாள் அத்தாயி போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் சாராயத்தைத் தொட்டதில்லை. கல்யாண வீடுகளுக்கும் போவதில்லை.

அக்காளுக்கு இரண்டாவது கீமோ முடிந்து வந்த வாரம், அவன்தான் முடிவு செய்தான். ஆஸ்பத்திரியை விடச் சொல்லவில்லை. "ஒத்தை மாட்டுக்கு ஜோடி மாடு பூட்டினா ஏரு சீக்கிரம் போகுமில்ல?" என்றான். ராக்கம்மாளுக்கும் அது நியாயமாகப் பட்டது. கணவன் மாணிக்கம் கோயமுத்தூரில் கட்டட வேலையில் இருக்கிறான். மாதம் ஒரு தடவைதான் வருவான். அவனிடம்கூட இருவரும் சொல்லவில்லை.

அந்த மரம்தான் வேண்டும் என்று சின்னையன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சாமியாடியும் இல்லை, வைத்தியனும் இல்லை. ஒரு போன்.

ராதிகா கோயமுத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மருந்துச் செடிகளில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்பவள். இருபத்தெட்டு வயது. மூன்று வருடமாகக் கொல்லிமலைக்கு வந்து போகிறாள். சின்னையன்தான் அவளுக்குக் காடு காட்டுகிறவன். நாற்பது வகைப் பட்டை, வேர், இலை எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஒவ்வொரு மரத்திலும் அவள் அலுமினியத் தகட்டில் எண் அடித்துக் கட்டுவாள். அவற்றில் பதினேழாம் எண் மரம், இந்த மரம்.

எட்டு மாதத்துக்கு முன் சோளக்காட்டுச் சந்தையில் அவன் பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சின்னையண்ணா! நம்ம பதினேழு பாஸாயிடுச்சு! புற்றுநோய் செல் நூற்றுக்குத் தொண்ணூறு செத்துப்போச்சு!"

"நெசமாவா அம்மிணி? அந்த மரம்தானே, அந்தப் பாறைக்குப் பக்கத்துல..."

"ஐயோ, பேரைச் சொல்லாதீங்க! சந்தையிலயா இருக்கீங்க? நம்பர் மட்டும் சொல்லுங்க. எங்க சார் வெளியில யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில், இரண்டு மாதக் கர்ப்பிணி தன் அம்மாவுக்குச் சேதி சொல்வதுபோலத்தான் சொன்னாள். அடுத்த மாதம் நடந்த சோதனைக்கு அவள் போன் பண்ணவில்லை. கெட்ட சேதிக்கு யார் போன் பண்ணுகிறார்கள்?

திங்கட்கிழமை காலை ராதிகா மலைக்கு வந்தாள். பதினேழிலிருந்து இன்னொரு தவணை பட்டை வேண்டும். சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து சின்னையன் வழக்கம்போல் பேசவில்லை. முன்னால் நடந்தான். கேட்டதற்கு மட்டும் பதில்.

"அக்கா எப்படி இருக்காங்கண்ணா?"

"இருக்குது."

"கீமோ எத்தனை முடிஞ்சுது?"

"ரெண்டு."

"மூணாவது இந்நேரம் முடிஞ்சிருக்கணுமே?"

சின்னையன் நடையை எட்டிப்போட்டான்.

பாறையைத் தாண்டி மரத்தடிக்கு வந்ததும் ராதிகா நின்றாள். அவள் எடுக்கும் முறை உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு துண்டு, மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும். இங்கே மூன்று பக்கம் உரிந்திருந்தது. சில காயம் பழசு, ஓரம் கறுத்திருந்தது. ஒன்று நேற்றைக்கோ முந்தாநாளோ எடுத்தது, இன்னும் ஈரம். அடியில் மஞ்சள் நூல் ஒன்று வெயிலில் வெளுத்துப்போய்ச் சுற்றியிருந்தது.

"யாரு எடுத்ததுண்ணா?"

"கரடி உரசியிருக்கும்."

"கரடி கத்தி வெச்சா உரசுது? நாலு மூலையும் சதுரமா இருக்குது."

சின்னையன் தரையைப் பார்த்தான். ராதிகா ஈரக் காயத்தைத் தொட்டாள். விரலை எடுத்து முகர்ந்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று மெதுவாகக் கூடிவந்தது. மூன்றாவது கீமோ நடக்கவில்லை. அவன் பேசவில்லை.

"அக்காவுக்கா?"

சின்னையன் பாறைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"நான் வாயத் தொறக்கல. நீங்களாக் கேட்டீங்க, நீங்களாச் சொல்லிக்கிட்டீங்க. அதுக்கு நீங்கதான் சாட்சி அம்மிணி."

"எவ்வளவு நாளா? எப்படிக் குடிக்கிறாங்க? எவ்வளவு பட்டை?"

அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். நாற்பது வயது ஆள், பாறைமேல் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"அண்ணா, இது விளையாட்டு இல்லை. டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

கையை எடுத்தான்.

"இது தெரிஞ்சவங்க நீங்களே இப்படிக் கேட்டா எப்படிங்க? பேரைச் சொல்லாதீங்க, நம்பர் சொல்லுங்கன்னு போன்லயே என்னய அடக்கினவங்க நீங்க. அப்பவே நெனச்சேன், காலேஜுல படிச்சவங்களும் இந்தக் கட்டைத் தெரிஞ்சுதான் வெச்சிருக்காங்கன்னு."

ராதிகாவின் பேராசிரியர் சதீஷ்குமார் மரத்தின் பெயரை மறைக்கச் சொன்னது, கட்டுரை வெளிவரும்முன் வேறு ஆய்வகம் முந்திவிடக் கூடாது என்பதற்காக. அதை இவனுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால்தான் என்ன, இரண்டும் ஒரே ஊமைத்தனம்தானே?

"அண்ணா, அன்னிக்கு நான் பாதிதான் சொன்னேன்."

"என்னது பாதி?"

"கண்ணாடித் தட்டுல புற்றுநோய் செல்லை வளர்த்து, அதுமேல உங்க பட்டைச் சத்தை விட்டோம். செத்துது. நிஜம். ஆனா தட்டுல செல்லைக் கொல்றது பெரிய காரியமே இல்லைண்ணா. பினாயிலை ஊத்தினாலும்தான் சாகும். அடுத்த மாசம் நல்ல கல்லீரல் செல்லை வளர்த்து அதுமேலயும் விட்டோம். அதே அளவு. அதுவும் செத்துது."

"ஈரலா?"

"ஈரல்."

சின்னையன் அவளையே பார்த்தான். நானூற்றி பன்னிரண்டு என்ற எண் அவனுக்கு நினைவு வந்தது.

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"போன் பண்ணலைண்ணா" என்றாள் ராதிகா.

ராக்கம்மாள் வாசலில் மரவள்ளிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். ராதிகாவைப் பார்த்ததும், "வாங்க அம்மிணி, காப்பி வெக்கறேன்" என்று எழப்போனாள். எழ முடியவில்லை. வெயில் முகத்தில் விழுந்தபோது ராதிகா அவள் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். நீங்க பதில் சொல்ல வேண்டாம். கேட்டுக்கிட்டா போதும்."

சின்னையன் குறுக்கே வந்தான். "அம்மிணி, எட்டு நாளுதான். எட்டே நாளு பொறுத்துக்கங்க. கால்ல வேணா விழறேன்."

"தள்ளுடா" என்றாள் ராக்கம்மாள். "அந்தப் புள்ள மொகமே சரியில்ல. என்னமோ இருக்குது. சொல்லு கண்ணு."

ராதிகா சொன்னாள். இந்தத் தடவை முழுதாகச் சொன்னாள். தட்டு, செல், ஈரல், தான் போன் பண்ணாதது, எல்லாம். ராக்கம்மாள் கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தத் தட்டுல ஈரலு எத்தன நாளுல செத்துது?"

"ரெண்டு நாள்."

"ரெண்டு நாளா..." ராக்கம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். வாய்க்குள் தான் குடித்த நாளைக் கூட்டிப் பார்த்தாள்.

"தட்டு வேற, உடம்பு வேற. உங்க ஈரல் தன்னைத்தானே சரிபண்ணிக்கும். நிறுத்தினா திரும்பக்கூடும். நான் சத்தியம் பண்ண மாட்டேன்க்கா. ஏற்கெனவே ஒரு தடவை அவசரப்பட்டுச் சொல்லித்தான் இப்படி ஆச்சு."

"அப்ப மரத்துல மருந்தே இல்லீங்களா?" சின்னையன் ஏறக்குறைய அதட்டினான். "எதுக்குத்தான் மூணு வருசமா பட்டை உரிச்சோம்?"

"இருக்கலாம்ணா. அக்காவுக்கு இனிமேல் ஏத்தப்போற மருந்துல ஒண்ணு, வெளிநாட்டுல ஒரு மரத்தோட பட்டையில கண்டுபிடிச்சதுதான். ஆனா பட்டையை உரிச்ச நாளுக்கும் ஊசியில வந்த நாளுக்கும் நடுவுல முப்பது வருஷம். எவ்வளவு கொடுத்தா கட்டி சாகும், எவ்வளவு கொடுத்தா ஆள் சாகும்னு பிரிச்சுப் பார்க்கத்தான் அந்த முப்பது வருஷம். நம்மகிட்ட இருக்கிறது மூணு வருஷம். அதுலயும் பாதியை நான் மறைச்சேன்."

உள்ளே அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது. ராக்கம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் கரிபிடித்த பானை. வாசலோரம் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். கருஞ்சிவப்பாக ஓடி மண்ணில் இறங்கியது.

"நடுவுல விட்டா திருப்பி அடிக்கும்!" சின்னையன் கத்தினான்.

"அடிக்கட்டும். இப்ப மட்டும் என்னடா தடவியா குடுக்குது?"

"சரி, குடிக்க வேணாம். வாய மட்டுமாவது கட்டு. வியாழக்கிழமை போக வேணாம். அஞ்சு நாளு தள்ளிப்போட்டு அடுத்த செவ்வாய்க்கெழமைக்கு மேல போலாம். நாப்பத்தெட்டு முடிஞ்சிரும். அப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்லு."

"அஞ்சு நாளைக்குள்ள எனக்கு என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்க்கா."

அவன் அத்தாயியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ராக்கம்மாள் அவன் தோளில் கை வைத்தாள். அவளுக்கு நிற்கப் பிடிமானம் தேவைப்பட்டது, அவனுக்கும்தான்.

"அத்தாயிக்கு நாலு மாசமாக் காமாலை. உன்ற வாயால போனாளா, வயித்துல இருந்த நோவால போனாளா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது சாமி. தெரியாததை ஆறு வருசமா தலைமேல தூக்கிக்கிட்டுத் திரியற. என்னயவும் சேத்துத் தூக்காத. இது என்ற ஈரலு. நான் சொல்றேன், என்ற வாயால. நீ சொன்னதா ஆகாது."

வியாழக்கிழமை ராதிகாவும் கூட வந்தாள். காலையிலேயே பேராசிரியருக்குப் போன் பண்ணி, "சார், பதினேழோட பேரை இன்னிக்கு ஒரு டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் என்னவோ கத்தினார். அதற்குள் பஸ் மலை இறக்கத்தில் திரும்பியது, சிக்னல் போய்விட்டது.

டாக்டர் பூங்குழலியின் மேசைமேல் சதை எடுக்கும் ஊசிக்கான சம்மதப் படிவம் தயாராக இருந்தது. புதிய ரத்தப் பரிசோதனைத் தாளும் இருந்தது. நானூற்றி ஐம்பத்தைந்து.

"கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும்."

சின்னையன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். அக்காளின் வாயிலிருந்து வருவதைக் காதில் வாங்க அவனால் முடியாது. கண்ணாடிக் கதவு வழியே, வராந்தாவில் அவன் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பது தெரிந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"கருந்தோலிங்க" என்றாள் ராக்கம்மாள்.

மரத்தின் பெயர் வெளியே வந்துவிட்டது. அடுத்த நொடி என்ன நடக்கும் என்று காத்திருப்பவள்போல் அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து அறையில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"கருந்தோலிப் பட்டைங்க. ஒரு கைப்பிடி, ஒரு சொம்புத் தண்ணியில போட்டு அரைச் சொம்பாக் காய்ச்சி, காலையில வெறும் வயித்துல. முப்பத்தொம்பது நாளு குடிச்சேனுங்க. திங்கக்கெழமையோட கொட்டிட்டேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார். எடுத்த பேனாவை உடனே எழுதாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கோபம் வந்து போனது முகத்தில் தெரிந்தது.

"மூணு தடவை கேட்டேனேம்மா."

"கேட்டீங்க. சொன்னா பலிக்காதுன்னு கட்டுங்க."

ராதிகா தன் பையிலிருந்து தாள்களை எடுத்து வைத்தாள். மரத்தின் தாவரவியல் பெயர், சோதனையில் வந்த எண்கள், ஈரல் செல் செத்த படம், எல்லாம் அதில் இருந்தன. டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கேள்விகள் கேட்டார். ராதிகாவுக்குத் தெரிந்தது பாதி. தெரியாததைத் தெரியாது என்றாள்.

கடைசியில் டாக்டர் சம்மதப் படிவத்தை எடுத்து இழுப்பறையில் போட்டார்.

"இன்னிக்கு ஊசி வேண்டாம். இந்த ரத்தத்தோட குத்தியிருந்தா, நிக்காம போயிருக்கலாம். ஒரு வாரம் ஒண்ணுமே சாப்பிடாம, அதாவது சோத்தைத் தவிர ஒண்ணுமே சாப்பிடாம இருங்க. வார்டுலயே இருங்க. எண் இறங்கினா பட்டைதான் காரணம். இறங்கலேன்னா..." அவர் முடிக்கவில்லை.

"இறங்கலேன்னா ஊசி" என்று முடித்தாள் ராக்கம்மாள்.

மாணிக்கம் கோயமுத்தூரிலிருந்து வந்துவிட்டான். வந்ததும் மைத்துனனைத் திட்டினான். பிறகு மனைவியைத் திட்டினான். பிறகு வராந்தாவில் உட்கார்ந்து தனியாக அழுதுவிட்டுப் போய் இட்லி வாங்கி வந்தான். சின்னையன் நாலு நாளை எண்ணிக்கொண்டிருந்தான். அத்தாயி நாலாம் நாள் போனாள். வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை முழுக்க அவன் அக்காளின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். நர்ஸ் இரண்டு தடவை எழுப்பி வெளியே அனுப்பினாள். இரண்டு தடவையும் திரும்பி வந்தான்.

"என்னடா, எமன் வந்தா காலைப் பிடிச்சு நிறுத்தப்போறியா?" என்றாள் ராக்கம்மாள்.

"பேசாத, தூங்கு."

"அவன் வந்தாலும் இந்த வார்டு நாத்தத்துக்கு வாசலோட திரும்பிருவான்."

சின்னையன் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அவன் முகம் சாம்பல் பூத்துப்போனது. விடிகிறபோது காய்ச்சல் விட்டுவிட்டது. அதற்கு டாக்டர் ஏதோ காரணம் சொன்னார். அது அவன் காதில் ஏறவில்லை. ஐந்தாம் நாள் காலை அக்காள் காப்பி கேட்டதுதான் ஏறியது.

வெள்ளிக்கிழமை எண் முன்னூறு. அடுத்த வெள்ளி நூற்றி நாற்பது. மஞ்சள் கண்ணைவிட்டு மெல்ல வடிந்தது. மூன்றாம் வெள்ளி ஐம்பத்தெட்டு. டாக்டர் பூங்குழலி அந்த எண்ணையும் வட்டமிட்டார். "நோய் பரவலை. நாளைக்கே ஏத்தறோம்" என்றார்.

அதே தினம் கட்டியை அளந்தார்கள். ஆறு வாரத்துக்கு முன் இருந்ததைவிட ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது. டாக்டர் அதை மறைக்கவில்லை. சின்னையனையும் மாணிக்கத்தையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"மூணாவது ஏத்த வேண்டிய நாளிலிருந்து ஆறு வாரம் போச்சு. அது திரும்பி வராது. முதல் ரெண்டுல சுருங்கினதைவிட அதிகமா வளர்ந்திருக்கு. மருந்து அளவையும் கொஞ்சம் குறைச்சுத்தான் ஆரம்பிக்கணும், ஈரல் இன்னும் முழுசா தேறலை."

"பொழைச்சுக்குமுங்களா?" மாணிக்கம் கேட்டான்.

"தெரியாது. சுருங்கினா ஆபரேஷன் உண்டு. போன மாசம் நான் ஆபரேஷன் இல்லைன்னே முடிவு பண்ணிட்டிருந்தேன். அந்த அம்மா வாயைத் திறந்ததால இந்த வழி திறந்திருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

சின்னையன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அந்த ஆறு வாரம் என்னாலதானுங்களே?"

டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

"நானும் வேற மாதிரி கேட்டிருக்கணும்" என்றார். "ஒவ்வொரு தடவையும் போலீஸ்காரங்க மாதிரிதான் கேட்டேன்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாவது கீமோ ஏற ஆரம்பித்தது. பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. முதல் மணி நேரம் ராக்கம்மாள் தூங்கினாள். பன்னிரண்டு மணிக்குப் புரட்டியது. எழுந்து உட்கார்ந்து, கண்ணாலேயே தம்பியைத் தேடினாள். அவன் ஏற்கெனவே வாந்தி பிடிக்கும் பேசினைக் கையில் எடுத்திருந்தான். ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் பேசினைப் பிடித்தான். வாந்தி நின்றதும் வாயைத் துடைத்துவிட்டான். கழுவிக்கொண்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தான்.

"நீ போயி ஒரு வாய் சாப்பிட்டு வாயேன்டா."

"இன்னும் பாதி பாட்டில் இருக்குதுக்கா" என்றான். சாயங்காலம் அது தீரும்வரை எழுந்திருக்கவில்லை.